பிளஸ் 2 போச்சு, நீட் கைநழுவிச்சு, இனி என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் தேர்வு முடிவு வந்த அன்று தொடங்கி ஆகஸ்ட் வரை, மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களை மனதில் வைத்து எழுதியது இது. தேதியும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை அந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மனசு ரொம்பவும் கலங்கிப்போய் இருந்தால் மற்றதை விட்டுவிட்டு 2-வது கேள்விக்குப் போங்கள்.

1. "இப்பத்தான் ரிசல்ட் பார்த்தேன். ஃபெயில். இப்ப என்ன செய்யணும்?"

இன்றைக்குச் சாப்பிடுவதும், வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பதும், இரவு தூங்குவதும் போதும். துணைத் தேர்வு, விடைத்தாள் நகல், கல்லூரி விண்ணப்பம் எதற்குமே ரிசல்ட் வந்த அன்றே கடைசி நாள் கிடையாது. "படிப்பே வேண்டாம், திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்" என்று முதல் நாள் சொல்வதை ஒரு வாரம் கழித்து நீங்களே மாற்றிக்கொள்ளக்கூடும். அதனால் அன்றைக்கு யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். மார்க் போடும் வாட்ஸ்அப் குழுக்களை ஒரு வாரத்துக்குச் சத்தமில்லாமல் வையுங்கள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பள்ளிக்குப் போங்கள். கூச்சமாக இருந்தால் அம்மாவோ அண்ணனோ கூட வரட்டும். வகுப்பாசிரியரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: துணைத் தேர்வுக்கு எப்போது வரை விண்ணப்பிக்கலாம், விடைத்தாள் நகலுக்கு எப்போது வரை, ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வு, செய்முறை, அகமதிப்பீடு என்று தனித்தனியாக எத்தனை மார்க். மூன்றாவதைப் பலரும் கேட்காமல் வந்துவிடுகிறார்கள். 5-வது கேள்விக்கு அதுதான் தேவைப்படும்.

2. "பையன் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருக்கான். சாப்பிட மாட்டேங்கிறான். எனக்குப் பயமா இருக்கு."

உங்கள் பயத்தை நம்புங்கள் அம்மா. முதல் சில நாள் அவனைத் தனியாக விடாதீர்கள். கதவை உள்பக்கம் தாழிட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும், வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள், அல்லது வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரிப் பேச்சு, தனக்குப் பிடித்த பொருளைப் பிறருக்குக் கொடுப்பது, அழுதுகொண்டிருந்தவன் திடீரென்று விடைபெறுவது போல அமைதியாகிவிடுவது, இவற்றில் எதையாவது கண்டால் நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாப்பா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று அவன் காத்திருக்கக்கூடும். ஆம் என்றால் திட்டவோ அழவோ வேண்டாம். பக்கத்திலேயே இருந்துகொண்டு போன் செய்யுங்கள்.

தமிழக அரசின் உதவி எண் 104. மத்திய அரசின் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050. பெற்றோரும் பேசலாம், மாணவரும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

பேச வேண்டியது கொஞ்சம்தான்: "மார்க்கைப் பத்தி அப்புறம் பார்க்கலாம், முதல்ல ரெண்டு வாய் சாப்பிடு." அப்பாவும் இதையே சொல்ல வேண்டும். அம்மா தேற்றும்போது அப்பா கூடத்தில் உட்கார்ந்து எதிர்வீட்டுப் பெண்ணின் மார்க்கைச் சொன்னால் தேற்றியதெல்லாம் வீண். இதைப் படிப்பது மாணவராக இருந்தால்: ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள். வீட்டில் முடியாவிட்டால் மேலே உள்ள எண்களில் ஒன்றில்.

3. "ஒரு பாடம்தான் ஃபெயில். ஒரு வருஷம் வீணாப் போச்சா?"

இல்லை. ரிசல்ட் வந்த ஒன்றிரண்டு மாதத்திலேயே துணைத் தேர்வு நடக்கிறது. பொதுவாக ஜூன், ஜூலையில். தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும், தேர்ச்சி பெற்ற பாடங்களின் மார்க் அப்படியே நிற்கும். தேர்வுக்கே போகாதவர்களும் எழுதலாம். இந்த ஆண்டு படித்தவர்கள் படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். தனித்தேர்வர்களுக்கு அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையங்கள் உண்டு. தேதி தவறினால் சில நாள் தட்கல் முறையில் கூடுதல் கட்டணத்தோடு வாங்குவார்கள். தட்கலும் தவறினால் அடுத்த மார்ச்தான், ஆகவே இதில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் கேட்கப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது.

4. "நல்லாத்தான் எழுதினேன். 33 போட்டிருக்காங்க. மறுகூட்டலா, மறுமதிப்பீடா?"

இரண்டும் வேறு வேறு. மறுகூட்டலில் போட்ட மார்க்கைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மறுமதிப்பீட்டில் விடையையே திரும்பத் திருத்துவார்கள். முதலில் விடைத்தாள் நகல் வாங்கியவர்கள் மட்டுமே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். ஆகவே "நல்லாத்தான் எழுதினேன்" என்பவர் நகலுக்குப் போக வேண்டும். அவசரத்தில் நேரடி மறுகூட்டலுக்குக் கட்டிவிட்டால் அந்தப் பாடத்தில் மறுமதிப்பீட்டு வழி அடைபடலாம். கட்டுவதற்கு முன் அந்த ஆண்டின் விதியை வாசித்துவிடுங்கள்.

நகல் வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்: பக்கக் கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை ஏதாவது உண்டா, விடைக்குறிப்பில் மார்க் உள்ள படிக்கு மார்க் விழுந்திருக்கிறதா. கடைசியைப் பாட ஆசிரியரை வைத்துத்தான் பார்க்க முடியும். அவர் "ரெண்டு மூணு மார்க் வரும்" என்றால் விண்ணப்பியுங்கள். அதே நேரத்தில் துணைத் தேர்வுக்கும் கட்டிவையுங்கள். மறுமதிப்பீட்டு முடிவு எப்போது வரும் என்று காத்திருந்து இரண்டையும் கோட்டைவிடக் கூடாது.

5. "துணைத் தேர்வுக்கு முப்பது நாள்தான் இருக்கு. வருஷம் முழுக்கப் படிச்சும் வராத கணக்கு இப்ப எப்படி வரும்?"

தேவையான மார்க் எவ்வளவு என்று முதலில் கணக்குப் போடுங்கள். கணிதம் போலச் செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அகமதிப்பீட்டில் 10 இருந்தால் எழுத்தில் 25 எடுத்தால் 35 ஆகிவிடும். இயற்பியல் போலச் செய்முறை உள்ள பாடத்தில் எழுத்து 70, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 30. எழுத்தில் குறைந்தது 15, மொத்தத்தில் 35 வேண்டும். 1-வது கேள்வியில் மார்க்கைப் பிரித்து வாங்கச் சொன்னது இதற்காகத்தான். "நாற்பது மார்க் குறையுது" என்று நினைத்திருந்தவருக்குக் குறைவது ஐந்தோ ஆறோ என்று தெரியவரும்போது முகம் மாறிவிடும்.

கணிதத்தாளில் ஒரு மார்க் 20 கேள்வி, இரண்டு மார்க் 10-இல் 7, மூன்று மார்க் 10-இல் 7, ஐந்து மார்க்கில் இது அல்லது அது என்று 7. ஒரு மார்க்கில் 12, இரண்டு ஐந்து மார்க், இரண்டு இரண்டு மார்க் சரியாக வந்தாலே 26. ஆனால் 26-க்குக் குறிவைத்தால் தவறும், 45-க்குக் குறிவையுங்கள். பன்னிரண்டு அத்தியாயத்தையும் முதலிலிருந்து தொடங்குவதுதான் இந்த நேரத்தில் செய்யக்கூடிய பெரிய தவறு. நான்காவது அத்தியாயத்துக்குள் நாள் தீர்ந்துவிடும். ஐந்து அத்தியாயம் எடுங்கள்: அணிகள், கலப்பு எண்கள், வெக்டர், நிகழ்தகவுப் பரவல்கள், தனிநிலைக் கணிதம். அத்தியாயத்துக்கு மூன்று நாள். முதல் நாள் எடுத்துக்காட்டுக் கணக்குகள், இரண்டாம் நாள் பயிற்சிக் கணக்குகள், மூன்றாம் நாள் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது. ஒரு மார்க்குக்கு மட்டும் பன்னிரண்டு அத்தியாயத்தின் புத்தகப் பின்வினாக்களையும் தினம் அரை மணி நேரம்.

பதினைந்து நாள் முடிந்ததும் எட்டுப் பழைய வினாத்தாள், நாளுக்கு ஒன்று, கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம். முந்தைய துணைத் தேர்வுத் தாள்களும் அதில் இருக்கட்டும். மிச்ச நாட்களில் தப்பு விட்ட கணக்குகளை மட்டும். வீடியோ பார்ப்பது படித்த மாதிரி ஒரு நிறைவைத் தரும், கை எழுதியிருக்காது. அரை மணி வீடியோ பார்த்தால் ஒரு மணி எழுத வேண்டும். பாட ஆசிரியரைத் தேடிப் போய்க் கேளுங்கள். விடுமுறையிலும் தவறிய மாணவர்களுக்காகப் பள்ளிக்கு வரும் ஆசிரியர்கள் நிறையப் பேர் உண்டு.

6. "ஜூலைல பாஸ் பண்ணா எந்தக் காலேஜ்ல இடம் இருக்கும்? எல்லாம் ரொம்பிடுமே."

எல்லாம் நிரம்பிவிடாது. பொறியியலில் துணைத் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்கென்றே, முதன்மைச் சுற்றுகள் முடிந்தபின் துணைக் கலந்தாய்வு நடக்கும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே முடிந்துவிடும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவது அங்கும் அதேதான். அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடத்துக்கு மறுபடி விண்ணப்பம் வாங்குவார்கள். பாலிடெக்னிக்கில் பிளஸ் 2 தேர்ச்சியோடு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பேர் பெற்ற கல்லூரியும், எல்லோரும் கேட்கும் கணினி அறிவியலும் அப்போது கிடைப்பது அரிது. ஊருக்குப் பக்கத்து அரசுக் கல்லூரியில் இயற்பியலோ பொருளியலோ கிடைத்தால் அதைக் குறைவாக எண்ணாதீர்கள். பட்டத்துக்குப் பிறகு எம்.சி.ஏ.வுக்கும் எம்.பி.ஏ.வுக்கும் தமிழ்நாட்டில் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது, எம்.சி.ஏ. நினைப்பு இருந்தால் கணிதம் உள்ள பட்டமாகப் பார்த்து எடுங்கள்.

7. "மூணு பாடம் போச்சு. எனக்குப் படிப்பே வராது. என்னதான் வழி?"

மூன்று பாடத்தையும் ஒரே துணைத் தேர்வில் எழுதலாம், ஆனால் 5-வது கேள்வியில் சொன்ன அளவுக்கு உழைப்பு மூன்று மடங்காகும். இரண்டை இப்போதும் ஒன்றை மார்ச்சிலும் என்று பிரித்துக்கொள்வது பலருக்கு நடைமுறையில் ஒத்துவருகிறது.

இன்னொரு வழி, பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்துச் சேரும் படிப்புகள். பிளஸ் 2-வில் தவறியது இதற்குத் தடையே ஆகாது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், ஏ.சி. மெக்கானிக் போன்றவை இரண்டு ஆண்டு. வெல்டர் ஓராண்டு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. பாலிடெக்னிக் முதலாண்டு சேர்ந்தால் மூன்று ஆண்டில் டிப்ளமோ. எழுதி ஒப்பிக்கும் பரீட்சையில் தடுமாறும் பிள்ளைகள் பட்டறையில் தலைகீழாக மாறுவது உண்டு. சேருவதற்கு முன் ஒருநாள் அந்த ஐ.டி.ஐ.க்குப் போய் இயந்திரங்கள் ஓடுகின்றனவா, பயிற்றுநர் இருக்கிறாரா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

8. "ஐ.டி.ஐ. போயிட்டா அப்புறம் டிகிரி கனவு அவ்வளவுதானா?"

இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்; அதற்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்துகிறது. இந்த வழியில் வந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் கணிதம் இடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் செய்முறை அறிவில் அவர்கள் மற்றவர்களைவிட முன்னால் நிற்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனமாக இருங்கள். "பிளஸ் 2 வேண்டாம், நேரா டிகிரி" என்று திறந்தநிலைப் படிப்பில் சேர்த்துவிடும் மையங்கள் உண்டு. பத்தாம் வகுப்பு, பிறகு பிளஸ் 2 அல்லது மூன்றாண்டு டிப்ளமோ, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தைத் தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு ஏற்பதில்லை. மூன்று வருடமும் பணமும் போன பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. பிளஸ் 2-வை எத்தனை வருடம் கழித்தானாலும் தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டுப் பட்டத்துக்குப் போங்கள்.

9. "நீட்ல பாஸ், ஆனா சீட் வரல. இன்னொரு வருஷம் ரிப்பீட் பண்ணவா?"

நீட்டில் தகுதி பெறுவதும் இடம் கிடைப்பதும் வேறு வேறு. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் மேல் வயதுக்கும் இப்போது வரம்பு இல்லை. அதனால் "எழுதலாமா" என்பதைவிட "எழுதினால் எதை மாற்றுவேன்" என்று கேட்டுக்கொள்வது நல்லது. வினாத்தாளை எடுத்து, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் நான்கில் ஒன்றை எழுதுங்கள்: பாடமே தெரியாது, தெரிந்தும் தப்பு விட்டேன், நேரம் போதவில்லை, குருட்டாம்போக்கில் குறித்தேன்.

ஒரு கணக்கு. சரியான விடைக்கு 4 மார்க், தப்புக்கு 1 கழியும். 180 கேள்வியில் 120 சரி, 40 தப்பு, 20 விட்டது என்றால் 480-இல் 40 கழித்து 440. தப்பான 40-இல் 20 குருட்டாம்போக்கு என்றால் அவற்றைத் தொடாமல் விட்டிருந்தாலே 460. இன்னொரு 10 தெரிந்தும் விட்ட தப்பு என்றால் அவற்றைத் திருத்தினால் ஒன்றுக்கு ஐந்து வீதம் இன்னும் 50, மொத்தம் 510. இப்படி வரும் மார்க்கைப் பயிற்சியால் பிடிக்கலாம். இந்த மதிப்பீட்டை, அந்த ஆண்டு உங்கள் பிரிவில் கடைசியாக இடம் கிடைத்தவரின் மார்க்கோடு ஒப்பிடுங்கள். அருகில் வந்தால் ரிப்பீட் பண்ணுவதில் அர்த்தம் இருக்கிறது. பெரும்பாலான தப்புக்குப் பக்கத்தில் "பாடமே தெரியாது" என்று இருந்து, குறிப்பாக இயற்பியலில் அப்படி இருந்தால், பிளஸ் 1 பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அது முழு ஆண்டு வேலை. ஆகஸ்டில் தொடங்கினால் நேரம் இறுக்கிவிடும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அவர்கள் ஒப்பிட வேண்டியது அந்தப் பட்டியலோடுதான். பொதுப் பட்டியலைப் பார்த்து மனமுடைந்து, கிடைக்கக்கூடிய இடத்தையே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

10. "ரெண்டு தடவை எழுதியாச்சு. மூணாவது தடவை எழுதினா கண்டிப்பா வருமா?"

கண்டிப்பாக என்று யாரும் சொல்ல முடியாது, சொல்பவர் பயிற்சி மையம் நடத்துபவராக இருப்பார். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் மார்க் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். நன்றாக ஏறி, 9-வது கேள்வியின் கணக்கிலும் இடம் தெரிந்தால் ஒரு முயற்சி நியாயம். ஏறவில்லை என்றால் அதே மையம், அதே புத்தகம், அதே அறையில் மூன்றாவது ஆண்டும் இருப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

இடைவழி ஒன்று உண்டு. ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே நீட் எழுதுங்கள். படிப்பு நேரம் குறையும் என்பது உண்மை. ஆனால் நீட் முடிவு எதிர்மாறாக வந்தாலும் கையில் ஒரு வருடப் படிப்பு இருக்கும். எந்த வழியானாலும், "இதுதான் கடைசி, வராவிட்டால் இந்தப் படிப்பில் சேருவேன்" என்று தேதியோடு எழுதி வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். முடிவு வந்த அன்று அழுகையோடு இதைப் பேசித் தீர்க்க முடியாது.

11. "சின்ன வயசுல இருந்து டாக்டர் கனவுதான். வேற எதுவும் பிடிக்கல. வேற எதையோ படின்னு சொல்றது நியாயமா?"

சொல்பவர்களுக்கு எளிது, கேட்பவருக்கு வலிக்கும். ஒரு கனவை விடுவதும் துக்கம்தான்; அதற்குச் சில வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தாளில், அந்தக் கனவில் எது பிடித்தது என்று எழுதுங்கள். நோயாளியைத் தேற்றுவதா, உடம்பின் அறிவியலா, மருத்துவமனைச் சூழலா, ஊரில் கிடைக்கும் மரியாதையா? ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம் கூட்டிச் செல்லும்.

நோயாளிகளோடு இருப்பது பிடிக்கும் என்றால் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங். மருந்தின் அறிவியல் என்றால் பி.ஃபார்ம். இவற்றுக்கும் ரேடியோகிராஃபி, டயாலிசிஸ், அறுவை அரங்கத் தொழில்நுட்பம் போன்றவற்றுக்கும் பிளஸ் 2 மார்க்கை வைத்து அரசுத் தேர்வுக் குழு இடம் ஒதுக்குகிறது. பிசியோதெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் நீட் குறித்த விதி மாறிவருகிறது, அந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். உயிர்களுக்கு வைத்தியம் பார்ப்பதே ஆசை என்றால் கால்நடை மருத்துவம் இருக்கிறது. ஐந்தரை ஆண்டு, சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி உள்ளிட்ட ஊர்களில் கல்லூரி. மாநில இடங்களுக்கு பிளஸ் 2 மார்க்தான், ஆனால் கட்-ஆஃப் மிக உயரம். சித்த மருத்துவத்துக்கு நீட் தேவை.

தெருமுனையில் "பாராமெடிக்கல், ஆறே மாதம், உடனடி வேலை" என்று பலகை வைத்த இடங்களில் சேராதீர்கள். நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம், பார்மசி என்றால் பார்மசி கவுன்சில் அங்கீகாரம், பட்டப்படிப்பு என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு. இதைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடலாம்.

12. "ஏஜெண்ட் ஒருத்தர் வெளிநாட்டுல எம்.பி.பி.எஸ். வாங்கித் தர்றேங்கிறார். நீட்டே வேண்டாமாம்."

அந்த வார்த்தையிலேயே அவரை விட்டு விலகுங்கள். வெளிநாட்டில் படித்து இந்தியாவில் மருத்துவம் பார்க்க வேண்டுமானால் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2021-இல் வந்த விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம் ஆங்கில வழியில் இருக்க வேண்டும், 12 மாதப் பயிற்சியை அதே கல்லூரியில் முடிக்க வேண்டும், திரும்பி வந்து இந்தியத் தகுதித் தேர்வில் தேறி இங்கேயும் 12 மாதம் பயிற்சி செய்ய வேண்டும். படிப்புக்காலம் 54 மாதத்துக்குக் குறைந்தாலோ பாதிப் பாடம் உள்ளூர் மொழியில் நடந்தாலோ அந்தப் பட்டம் இங்கே செல்லாது. வீட்டை அடகு வைப்பதற்கு முன் பாடத்திட்டத்தையும் பயிற்றுமொழியையும் பல்கலைக்கழகத்திடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள், ஏஜெண்டின் வண்ணப் புத்தகத்திலிருந்து வேண்டாம்.

13. "பயத்துல ஒரு காலேஜ்ல பணம் கட்டிச் சேர்ந்துட்டேன். இப்ப வேற இடம் கிடைச்சிருக்கு. சர்டிஃபிகேட்டைத் தர மாட்டேங்கிறாங்க."

மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. 2018-இல் வந்த அதே விதியில் கட்டணம் திருப்பித் தரும் அளவும் இருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுத்தொகை (சிறிய நிர்வாகப் பிடித்தம் போக), 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாள் முடிந்து 15 நாளுக்குள் 80, அதன்பின் 30 நாள் வரை 50, அதற்கு மேல் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் இன்னும் தாராளமான அறிவிப்பும் வந்ததுண்டு.

போனில் சொன்னால் விலகியதாக ஆகாது. விலகல் கடிதத்தைத் தேதி போட்டு இரண்டு படி எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரை வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான். பணம் கட்டும்போதே ரசீது வாங்காதவர்களுக்கு வழக்காடுவது கடினம்.

14. "வீட்ல காசே இல்ல. இதுக்கு மேல படிக்கவைக்க முடியாதுன்னு அப்பா சொல்லிட்டார்."

அப்பாவிடம் பேசுவதற்கு முன் கணக்கை எழுதிக் கையில் எடுத்துப் போங்கள். அரசு கலைக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதற்கும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இதை விரிவுபடுத்தியிருக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். கலந்தாய்வு நாளன்று சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ் இல்லாமல் நிற்பவர்களைப் பார்ப்பது ஆண்டுதோறும் நடக்கிற சோகம்.

15. "ஆகஸ்ட் ஆயிடுச்சு. எல்லாத்துலயும் தேதி போயிடுச்சு. அடுத்த ஜூன் வரைக்கும் என்ன செய்யறது?"

முதலில், உண்மையிலேயே எல்லாம் போய்விட்டதா என்று ஒருமுறை பாருங்கள். அரசு ஐ.டி.ஐ.க்களில் காலியிடம் இருந்தால் நேரடிச் சேர்க்கைத் தேதியை நீட்டிப்பார்கள், கலைக் கல்லூரிகளிலும் அப்படியே. பள்ளி முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிச் சேர்த்துவிட நான் முதல்வன் திட்டத்தில் "உயர்வுக்குப் படி" முகாம்கள் நடக்கின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ படித்த பள்ளியிலோ கேட்டால் தெரியும்.

எதுவுமே இல்லை என்றால் பத்து மாதம் கையில் இருக்கிறது. தட்டச்சுக் கற்றுக்கொள்ளுங்கள், தமிழ் இளநிலை, ஆங்கில இளநிலை இரண்டும். அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு, வயது 18 (கிராம நிர்வாக அலுவலருக்கு 21). 200 கேள்வி, 300 மதிப்பெண், பாதிக் கேள்வி தமிழ். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 வராவிட்டால் மறுபகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்ப் புத்தகங்களை எடுத்துப் படித்தால், நிலுவையில் உள்ள பிளஸ் 2 தமிழுக்கும் அதுவே உதவும். வேலைக்குப் போவதானால் பகுதி நேரமாகப் போங்கள். முழுநேரச் சம்பளம் கைக்கு வரத் தொடங்கினால் ஜூனில் விண்ணப்பம் போடக் கை வராது.

16. "பார்க்கிற எல்லாரும் 'எத்தனை மார்க்கு'ன்னு கேட்கிறாங்க. வெளியவே போக முடியல."

ஒரே வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "ஒரு பேப்பர் நிக்குது அத்தை, ஜூலைல எழுதறேன்." பொய் இல்லை, அடுத்த கேள்விக்கும் இடமில்லை. கல்யாண வீடு, கோயில் விழாக்களை அந்த ஒரு மாதம் தவிர்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெற்றோர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டால் பிள்ளைக்குப் பாதிப் பாரம் குறையும்.

17. "எல்லாரும் சொல்றாங்க நம்பிக்கையா இருன்னு. எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணுமே வரல."

நம்பிக்கை வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருந்தால் நாள்தான் போகும். பெரும்பாலானவர்களுக்கு வேலை முதலில், நம்பிக்கை பின்னால். தினமும் இரண்டு சின்ன வேலையை இரவே எழுதிவைத்து மறுநாள் முடியுங்கள்: ஒரு பயிற்சியில் நான்கு கணக்கு, ஒரு விண்ணப்பம், அரை மணி நடை. ஐந்து மணி நேரம் படிப்பேன் என்று எழுதாதீர்கள். முடியாமல் போகும் ஒவ்வொரு நாளும் இன்னொரு தோல்வியாகப் பதிந்துவிடும். எழும் நேரத்தை மாற்றாதீர்கள், ரிசல்டுக்குப் பின் முதலில் குலைவது தூக்கம்தான். கல்லூரிக்குப் போன நண்பர்களின் படங்களைப் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், ஆனால் ஒரு நண்பரையாவது வாரம் ஒருமுறை நேரில் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாமல், பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல், எல்லா நேரமும் களைப்பாக இருந்தால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. 2-வது கேள்வியில் உள்ள எண்களில் பேசினால் எந்தக் கிழமை எங்கே போவது என்று சொல்வார்கள்.

18. "துணைத் தேர்வுலயும் போச்சு. இதுக்கு மேலயும் பதில் இருக்கா?"

இருக்கிறது. அடுத்த மார்ச்சில் தனித்தேர்வராக அந்தப் பாடத்தை மட்டும் எழுதலாம். அதிலும் தவறினால் அடுத்த துணைத் தேர்வு. பாடத்திட்டம் மாறும் ஆண்டுகளில் மட்டும் எந்தப் பாடத்திட்டத்தில் எழுத வேண்டும் என்று சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இம்முறை அதே மாதிரி படிக்காதீர்கள். துணைத் தேர்வு விடைத்தாளின் நகலை வாங்கி, 9-வது கேள்வியில் சொன்ன நான்கு வகைப் பிரிப்பை அதிலும் செய்யுங்கள். "நேரம் போதவில்லை" என்று நிறைய இருந்தால் எழுதும் வேகத்துக்குப் பயிற்சி. "பாடமே தெரியாது" என்றால் அக்டோபர் வரை மூன்றே அத்தியாயம். எழுத்துகளே தலைகீழாகத் தெரிகின்றன, வாசித்தது நிற்பதில்லை என்று சின்ன வகுப்பிலிருந்தே சிரமம் இருந்தால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று அரசு மருத்துவமனையில் பரிசோதியுங்கள். சான்று கிடைத்தால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தேர்வுத் துறையிடம் கேட்கலாம். விண்ணப்பத்தைத் தேர்வுக்குப் பல மாதம் முன்பே கொடுக்க வேண்டும், ஆகவே செப்டம்பருக்குள் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.